புதிய காரை வீட்டிலேயே கழுவ என்னென்ன வாங்கலாம்: பயன்படுத்திப் பார்த்த பின் ஒரு மதிப்புரை

புதிய கார் வாங்குகிறவர்களில் பலர், முதல் சர்வீஸ் வருவதற்குள்ளேயே பானெட்டில் மெல்லிய கோடுகளைக் கண்டு திகைத்துப் போகிறார்கள். வெயில் நேராக விழும் நேரத்தில் பார்த்தால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக எண்ணற்ற நுண்கீறல்கள் தெரியும். உண்மையில் அந்தக் கோடுகள் எல்லாத் திசைகளிலும்தான் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் நம் கண்ணுக்கு வட்டமாகத் தோன்றுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை, தூசி படிந்த பெயிண்டின் மேல் துணியை வைத்துத் தேய்த்ததால் வந்தவை. அதனால் கார் கழுவும் பொருட்களை மதிப்பிடும்போது, எது வண்டியை அதிகமாகப் பளபளக்க வைக்கிறது என்பதைவிட, எது குறைவாகக் கீறுகிறது என்பதையே நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

இங்கே சொல்லப்போகும் எல்லாப் பொருட்களும் என் சொந்தச் செலவில் வாங்கி, கோவையில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் அடர்நீல நிற ஹேட்ச்பேக் ஒன்றின் மேல் பயன்படுத்திப் பார்த்தவை. நிறத்தைக் குறிப்பிடக் காரணம் உண்டு. வெள்ளையிலும் வெள்ளியிலும் மறைந்துவிடும் கோடுகளும் தண்ணீர்க் கறைகளும் அடர்நீலத்திலும் கறுப்பிலும் மறையவே மறையாது. எனவே ஒரு துணியின் தரத்தையோ ஷாம்புவின் வழுவழுப்பையோ சோதிக்க இதைவிடக் கடுமையான தேர்வு கிடையாது. வாங்கியவை: இரண்டு பெரிய வாளிகள், அவற்றின் அடியில் போடும் சல்லடைத் தட்டுகள், மைக்ரோஃபைபர் கையுறை, பல எடைகளில் மைக்ரோஃபைபர் துணிகள், மெகுவையர்ஸ் கோல்டு கிளாஸ் ஷாம்பு, ஆப்டிமம் நோ ரின்ஸ் என்ற அலசத் தேவையில்லாத கரைசல், கர்ச்சர் கே2 பிரஷர் வாஷர், நுரை தெளிக்கும் புட்டி, டர்டில் வாக்ஸின் செராமிக் ஸ்பிரே, ஒரு களிமண் கட்டி, டயருக்குப் பொலிவு தரும் டயர் டிரஸ்ஸிங், உட்புறத்துக்கான சில சில்லறைப் பொருட்கள்.

இவற்றில் எதற்கு முதலில் பணம் செலவழிக்க வேண்டும் என்று கேட்டால், துணிக்கும் தண்ணீருக்கும் என்பதே என் பதில். கடைக்காரர்கள் பொதுவாக இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். கார் உபகரணக் கடை ஒன்றில், இளஞ்சிவப்பு நிறத் திரவம் நிறைந்த ஒரு கேனைக் காட்டி, “இதைப் போட்டாப் போதுங்கண்ணா, ஷோரூம் கண்டிஷன் வந்துரும்” என்றார் விற்பனையாளர். அதே கடையில் துணி எங்கே என்று கேட்டபோது, மேசையடியில் கிடந்த மஞ்சள் துணிக் கட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். கேனில் இருப்பது எதுவானாலும், பெயிண்டைத் தொடப்போவது அந்த மஞ்சள் துணிதான்.

தொழிற்சாலையில் பூசப்படும் பெயிண்ட் எவ்வளவு மெல்லியது என்பது தெரிந்தால் இந்தக் கவலையின் அளவு புரியும். தகட்டின் மேல் பிரைமர், நிறப் பூச்சு, அதற்கு மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று எல்லா அடுக்குகளும் சேர்ந்தே பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். நாம் அச்சடிக்கப் பயன்படுத்தும் ஏ4 தாளின் தடிமனே ஏறத்தாழ 100 மைக்ரான். அதிலும் பளபளப்பைத் தருகிற, புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கிளியர் கோட் மட்டும் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். பாலிஷ் போட்டுக் கீறலை நீக்குவது என்பது இந்த அடுக்கையே கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான். ஆகவே ‘கோடு விழுந்தால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம்’ என்ற ஆறுதல் வண்டியின் ஆயுளில் சில முறை மட்டுமே செல்லுபடியாகும்.

முதலில் தண்ணீர். கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்றில் சிறுவாணியோ பில்லூரோ வரும் ‘நல்ல தண்ணி’, மற்றொன்றில் போர்வெல்லின் ‘உப்புத் தண்ணி’. காரைக் கழுவ நல்ல தண்ணீரைத் திறப்பதற்கு யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆனால் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும், தண்ணீர் ஆவியான பின் பெயிண்டின் மேல் வெள்ளை வளையங்களாகத் தங்கிவிடுகின்றன. வெயிலில் காய்ந்த வளையத்தைச் சில நாள் அப்படியே விட்டால், ஷாம்பு போட்டாலும் போகாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500, கரைந்த திடப்பொருட்களின் அளவை லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும், மொத்தக் கடினத்தன்மையை 200 மில்லிகிராமுக்குள்ளும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடங்களில் மட்டும் 2000, 600 வரை அனுமதிக்கிறது. நம் போர்வெல்கள் பல இந்த இரண்டு வரம்புகளுக்கும் நடுவிலோ அதற்கு மேலேயோ இருக்கின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கரைந்த திடப்பொருட்களின் அளவைக் காட்டும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி வீட்டுக் குழாய்களை அளந்து பார்ப்பது, எந்த ஷாம்புவையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

தண்ணீரை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தில், ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைப் பிடித்து வைத்துக் காரைக் கழுவுமாறு பலரும் பரிந்துரைக்கிறார்கள். அந்தத் தண்ணீரில், வீட்டுக்குள் வந்த தண்ணீரில் இருந்ததைவிட உப்பு அதிகம். இயந்திரம் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அதில்தான் போகிறது. டயரையும் சக்கரத்தின் மேலிருக்கும் வளைவையும் முதலில் அலசுவதற்கு அது போதும். கடைசி அலசலுக்கு ஒருபோதும் ஆகாது. அதற்குப் பதில் வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கும் நல்ல தண்ணீர் ஒன்று உண்டு. ஏசியின் வடிகுழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது. அதில் உப்பு ஏறக்குறைய இருக்காது. கோடை இரவில் ஒரு ஏசிக்குக் கீழே வாளியை வைத்தால் காலையில் கணிசமாகச் சேர்ந்திருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டிக் கைத்தெளிப்பானில் நிரப்பிக்கொண்டு, போர் தண்ணீரில் அலசி முடித்த கையோடு பானெட், கூரை, கண்ணாடி ஆகியவற்றின் மேல் தெளித்துத் துடைத்துவிட்டால் வெள்ளை வளையம் ஏறக்குறைய வருவதேயில்லை. மழைநீர்த் தொட்டி உள்ளவர்களுக்கு இந்தச் சிரமமும் இல்லை.

அடுத்தது துணி. மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த மிக நுண்ணிய இழை. 80:20 அல்லது 70:30 என்ற விகிதம் லேபிளில் இருக்கும், பாலியமைடு கூடக் கூடத் துணி மென்மையாகவும் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவதாகவும் இருக்கும். துணியின் எடையை ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற அளவில் சொல்கிறார்கள். கண்ணாடிக்கும் உட்புறத்துக்கும் 300 போதுமானது. மெழுகைத் துடைக்க 350 முதல் 500 வரை உள்ள, இருபுறமும் வெவ்வேறு நீள இழை கொண்ட துணி நன்றாக வேலை செய்கிறது. உலர்த்துவதற்கு 800க்கு மேல் உள்ள பெரிய துண்டு ஒன்று வேண்டும்; இதில் முறுக்கு இழையால் நெய்தவை, பஞ்சு போன்ற சாதாரண இழையைவிட வேகமாகத் தண்ணீரை இழுக்கின்றன என்பதைப் பயன்படுத்தும்போது கையிலேயே உணரலாம்.

மலிவான கட்டுத் துணிகளின் குறை பெரும்பாலும் அவற்றின் விளிம்பில் இருக்கிறது. நடுப்பகுதி மென்மையாக இருந்தாலும், சுற்றிலும் அடித்திருக்கும் நைலான் தையலும், மூலையில் தைத்த லேபிளும் பெயிண்டைக் கீறுகின்றன. வாங்கியவுடன் லேபிளைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். முடிந்தால் தையலே இல்லாமல் வெட்டப்பட்ட விளிம்புள்ள துணியை வாங்க வேண்டும். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பழைய சிடி ஒன்றின் மின்னும் பக்கத்தில் துணியின் நடுவையும் விளிம்பையும் தனித்தனியாகத் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நான் வாங்கியவற்றில் பெயர் தெரியாத ஒரு கட்டு, சிடியின் மேல் தெளிவான கோடுகளை விட்டது; அது இப்போது சக்கரத்துக்கும் கதவு இடுக்குக்கும் மட்டும் போகிறது. வீட்டில் கிழிந்த பனியன், பழைய வேட்டி, பருத்தித் துண்டு எல்லாம் கைக்கு மென்மையாகத்தான் இருக்கும். ஆனால் தூசியைத் தன் இழைகளுக்குள் இழுத்துக்கொள்ளும் ஆழம் அவற்றில் இல்லாததால், மணல் துகள் துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவிலேயே உருளும்.

கழுவுவதற்கான கையுறையைப் பொறுத்தவரை, விரல்விரலாகத் தொங்கும் தடித்த நூல்கள் கொண்ட வகையைவிட, நீளமான மென்மையான இழை கொண்ட வகையே எனக்குப் பிடித்திருக்கிறது. தடித்த நூல்களின் அடிவாரத்தில் சிக்கிய மணலை எளிதில் அலசி எடுக்க முடிவதில்லை. சாதாரண ஸ்பாஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் தட்டையான முகத்தில் துகள்கள் உள்ளே போக வழியில்லாமல் மேலேயே ஒட்டி நிற்கின்றன. கையுறை தரையில் விழுந்துவிட்டால் அதை அலசிவிட்டுத் தொடர்வது கூடாது. இரண்டு கையுறைகள் வாங்கி வைத்துக்கொள்வது இந்த ஒரு காரணத்துக்காகவே தகும்.

இரண்டு வாளி முறை என்பதைப் பலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். ஒரு வாளியில் ஷாம்பு கரைசல், மற்றொன்றில் வெறும் தண்ணீர்; ஒரு பகுதியைக் கழுவியதும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசி, பிழிந்து, பிறகே ஷாம்புவில் முக்க வேண்டும். வேலை முடிந்ததும் அலசிய வாளியின் அடியைப் பார்த்தால், சல்லடைத் தட்டுக்குக் கீழே கறுப்பு மணல் தனியே படிந்திருக்கும். ஒரே வாளியை வைத்துக்கொண்டிருந்தால் அந்த மணல் முழுவதும் திரும்பத் திரும்பக் கூரைக்கும் பானெட்டுக்கும் போயிருக்கும். கடைகளில் இந்தத் தட்டுக்குக் கேட்கும் விலை எனக்கு அதிகமாகவே தோன்றுகிறது. வாளியின் அடிக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் சல்லடைக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாலும் அதே வேலையைச் செய்கிறது. அது மிதக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாம்புவுக்கு வருவோம். மெகுவையர்ஸ் 1901இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம். 2008இல் 3எம் அதை வாங்கிக்கொண்டது. அவர்களின் கோல்டு கிளாஸ், தேன் நிறத்தில் கெட்டியாக இருக்கிறது. ஒரு கேலனுக்கு ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ நான்கு லிட்டருக்கு 30 மில்லி என்பது அளவு. 473 மில்லி புட்டியில் அறுபது லிட்டர் வரை கரைசல் செய்யலாம். சிறிய காருக்கு எட்டு லிட்டர் என்று வைத்தால், ஏழு முறைக்குக் குறையாமல் வரும். இதில் நான் மதிப்பது நுரையை அல்ல, வழுவழுப்பை. கையுறையைக் கதவின் மேல் வைத்து, அழுத்தாமல் அதன் சொந்த எடையிலேயே இழுத்தால் தடையின்றி நழுவிப் போகிறது. போர் தண்ணீரில் நுரை கொஞ்சம் குறைகிறது என்பது உண்மை. நழுவும் தன்மை அந்த அளவுக்குக் குறைவதில்லை. விலை, உள்ளூர்த் தயாரிப்புகளைவிடக் கூடுதல்தான். வாங்க இயலாதவர்கள், பிஹெச் நடுநிலை (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) என்று குறிப்பிட்டிருக்கும் எந்த நல்ல கார் ஷாம்புவையும் வாங்கலாம். மிச்சமாகும் பணத்தைத் துணியில் போட்டால் வண்டிக்கு நன்மையே அதிகம். பாத்திரம் துலக்கும் திரவமும் துணி சோப்புத் தூளும் கூடவே கூடாது. முதலாவது பெயிண்டின் மேலிருக்கும் மெழுகைக் கரைத்து எடுத்துவிடும், இரண்டாவது காரத்தன்மை மிக்கது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்தில் குழாய் இல்லாதவர்களுக்கும், கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பவர்களுக்கும், ஆப்டிமம் நோ ரின்ஸை மனப்பூர்வமாகப் பரிந்துரைக்கிறேன். இது ஒன்றுக்கு 256 பங்கு தண்ணீர் என்ற விகிதத்தில் கலக்க வேண்டிய பொருள்; எட்டு லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லி போதும். ஒரு வாளித் தண்ணீரில் முழுக் காரும் முடிந்துவிடும், பிறகு அலச வேண்டியதில்லை. சில மைக்ரோஃபைபர் துணிகளை வாளியில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றையும் நான்காக மடித்து, ஒரு முகத்தால் ஒரு பகுதியை ஒரே திசையில் இழுத்துத் துடைத்து, உடனே வேறு சுத்தமான முகத்துக்கு மாற வேண்டும். அழுக்கான துணி மீண்டும் வாளிக்குள் போகக் கூடாது என்பதுதான் இதில் மீறக்கூடாத விதி. தூசி மட்டும் படிந்த காருக்கு இது மிகச் சிறந்த வழி. மழையில் கட்டடம் கட்டும் தெருவுக்குள் போய் வந்து, கதவின் கீழ்ப்பாதியில் சேறு அப்பிய காருக்கு இதைப் பயன்படுத்துவது தவறு. அப்படிப்பட்ட சேற்றைத் தொடாமல் தண்ணீரால் அடித்துத்தான் கழற்ற வேண்டும்.

அந்த இடத்தில்தான் பிரஷர் வாஷருக்கு அர்த்தம் இருக்கிறது. கர்ச்சர் கே2 என்பது 1400 வாட், அதிகபட்சம் 110 பார் அழுத்தம், மணிக்கு 360 லிட்டர் வரை தண்ணீர் தள்ளும் இயந்திரம். மணிக்கு 360 என்றால் நிமிடத்துக்கு ஆறு லிட்டர்தான். திறந்துவிட்ட தோட்டக் குழாயில் இதைவிட அதிகமாகப் போய்விடும். எனவே இது தண்ணீரை வீணடிக்கிறது என்ற எண்ணம் சரியல்ல. சக்கர வளைவுக்குள் காய்ந்து கிடக்கும் சேறு, இதன் விசிறித் தெளிப்பில் கட்டிகட்டியாகப் பெயர்ந்து விழுவதைப் பார்ப்பது திருப்தியாக இருக்கிறது. பெயிண்டிலிருந்தும் டயரிலிருந்தும் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். சுழலும் ஊசித் தெளிப்பு முனையைக் காரின் பக்கமே கொண்டு போகக் கூடாது. சத்தம் அதிகம். காலை ஆறு மணிக்கு ஓட்டினால் பக்கத்து வீட்டார் எழுந்துவிடுவார்கள் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். மாடித் தொட்டி தாழ்வாக உள்ள வீடுகளில் குழாய்த் தண்ணீரின் வேகம் இயந்திரத்துக்குப் போதாமல் போகலாம்; அப்போது வாளியிலிருந்து உறிஞ்சும், வடிகட்டி பொருத்திய குழாயைத் தனியாக வாங்க வேண்டும். நுரை தெளிக்கும் புட்டி வாங்கும்போது, அது இந்த இயந்திரத்தின் தெளிப்புத் துப்பாக்கியில் மாட்டும் இணைப்போடு வருகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் இணைப்புக்காக மீண்டும் அலைய வேண்டியிருக்கும். அடர்த்தியான நுரை ஐந்து நிமிடம் பெயிண்டின் மேல் நின்று அழுக்கை இளக்கி, கீழே இழுத்துக்கொண்டு வருகிறது. ஆனாலும் நுரை தனியாகக் காரைச் சுத்தம் செய்துவிடாது; கையுறையின் வேலையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கைச்செலவு பார்க்கிற தொடக்கநிலையினர் முதல் ஆண்டில் பிரஷர் வாஷரை ஒத்திப்போடலாம். தெளிப்பு முனை மாட்டிய சாதாரணக் குழாய் போதும்.

முறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பொருட்களின் தரம் முறையைப் பொறுத்தே வெளிப்படுவதால் சில வார்த்தைகள். கழுவத் தொடங்கும் முன் பானெட்டின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். சக்கரங்களை முதலில், தனி வாளி, தனி பிரஷ், தனித் துணியால் முடித்துவிட வேண்டும். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் அங்கே இருக்கிறது. பிறகு கூரையிலிருந்து கீழ்நோக்கி, நேர்க்கோட்டில், வட்டமாகச் சுற்றாமல். கதவின் கீழ்ப்பகுதியும் பின் பம்பரும் கடைசி. அலசும்போது, முனையைக் கழற்றிய குழாயை மேலிருந்து மெதுவாக ஓடவிட்டால், தண்ணீர் திரைபோல ஒன்றாக வழிந்து, துளிகள் குறைவாகவே மிஞ்சும். கண்ணாடியோ கூரையோ காயத் தொடங்குவதற்குள் உலர்த்தும் துண்டை விரித்துப் போட்டு, இரண்டு மூலைகளையும் பிடித்துத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். அழுத்தித் தேய்ப்பது தேவையே இல்லை. பக்கக் கண்ணாடிகளின் உள்ளேயும் டிக்கியின் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் தண்ணீர் பின்னால் வடிந்து கோடு போடும். கதவுகளையும் டிக்கியையும் ஒருமுறை திறந்து மூடித் துடைத்துவிட்டு, தெருவைச் சுற்றி மெதுவாக ஓட்டி, பிரேக்கை மென்மையாக மிதித்து டிஸ்க்கையும் காயவைத்துவிடலாம்.

புதிய காருக்கே உரிய ஒரு விஷயம் பூஜை. கோயில் வாசலில் பானெட்டின் மேல் இடும் சந்தனமும் குங்குமமும் காய்ந்தபின் துடைக்கப்படும்போது, சந்தனம் உரசுபொருளாகிவிடுகிறது, குங்குமத்தின் சாயம் வெள்ளைப் பெயிண்டில் இளஞ்சிவப்பு நிழலை விட்டுவிடுகிறது. மாலையைக் கட்டிய கம்பியும் நாரும், வண்டி ஓடும்போது காற்றில் ஆடி, கிரில்லைச் சுற்றியுள்ள பெயிண்டை அறுக்கின்றன. பூஜையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொட்டை முன்கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைக்குமாறு குருக்களிடம் கேட்டுக்கொள்ளலாம், மாலையை வீடு திரும்பும் முன் கழற்றிவிடலாம், பானெட்டில் ஏற்கெனவே வைத்துவிட்டால் ஈரத் துணியை அதன் மேல் சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுக்கலாம். பறவை எச்சத்துக்கும் இதே மருத்துவம்தான். அதிலுள்ள அமிலம் வெயிலில் கிளியர் கோட்டைப் பொறித்துவிடும் என்பதால், மாலை வரை காத்திருக்கக் கூடாது. மாமரத்தடியில் நிறுத்தினால் பூச்சிகள் சுரக்கும் ஒட்டும் திரவம் கூரை முழுவதும் படியும், அதற்கும் ஊறல்தான் வழி, சுரண்டல் அல்ல.

பாதுகாப்புப் பூச்சில் டர்டில் வாக்ஸ் ஹைபிரிட் சொல்யூஷன்ஸ் வரிசையின் செராமிக் ஸ்பிரே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. ஒரு கதவுக்கு இரண்டு மூன்று தெளிப்பு, ஒரு துணியால் பரப்பி, மற்றொரு துணியால் துடைத்தெடுப்பது. கட்டி மெழுகைப் போலக் கை வலிக்காது, கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டாலும் வெள்ளையாகப் படிவதில்லை. அதிகமாகத் தெளித்தால் அடர் நிறத்தில் மேகம்போல ஒரு மங்கல் வரும். எனவே குறைவாகத் தெளிப்பதே சரி. பூசிய பின் தண்ணீர் உருண்டை உருண்டையாக நின்று, வண்டி நகர்ந்ததும் ஓடிவிடுகிறது. ஆனால் இதே உருண்டைகள் போர் தண்ணீரில் வந்தால், நின்ற இடத்திலேயே காய்ந்து கறைப் புள்ளிகளாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புதிய பெயிண்டுக்கு மெழுகு போட ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்ற அறிவுரை, பட்டறையில் மறுபடி அடித்த பெயிண்டுக்கு உரியது. தொழிற்சாலைப் பெயிண்ட் ஏறத்தாழ 140 டிகிரி வெப்பத்தில் சுட்டுக் கெட்டியாக்கப்பட்டது; வண்டி வந்த வாரத்திலேயே பூசலாம்.

டெலிவரியின்போது விற்கப்படும் ‘டெஃப்ளான் கோட்டிங்’ பற்றிப் பலர் கேட்கிறார்கள். டெஃப்ளான் உருகவே 327 டிகிரி வெப்பம் வேண்டும். காரின் மேல் கையால் தேய்த்து அதை நிரந்தரமாக ஒட்டவைக்க முடியாது. அந்தப் பணத்தில் மேலே சொன்ன எல்லாத் துணிகளையும் ஷாம்புவையும் வாங்கிவிடலாம். அதைவிட முக்கியம், டெலிவரிக்கு முன் வண்டியைக் கழுவித் துடைக்க வேண்டாம், பிளாஸ்டிக் உறையை மட்டும் எடுத்துத் தூசியோடு கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துக் கேட்பது. ஒரே நாளில் பல வண்டிகளுக்கு ஒரே துணி போகும் இடம் அது.

கழுவியும் போகாமல் பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்களை எடுக்கும் களிமண் கட்டியைத் தொடக்கநிலையினர் உடனே வாங்க வேண்டியதில்லை. மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டு, கழுவிய பானெட்டின் மேல் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பையின் மெல்லிய படலம் சொரசொரப்பைப் பெரிதாக்கிக் காட்டும். புதிய காரும் திறந்தவெளிக் கிடங்கில் நெடுநாள் நின்றிருந்தால் இப்படிச் சொரசொரக்கலாம். அப்போது மட்டும், நிறைய ஷாம்பு கரைசலோடு, அழுத்தாமல் களிமண்ணை நழுவவிட்டு எடுக்கலாம். அதன் பிறகு மெழுகு கட்டாயம் பூச வேண்டும். கீழே விழுந்த களிமண்ணைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

உட்புறத்துக்கு அதிகம் தேவையில்லை. எண்ணெய்ப் பளபளப்பு தரும் டாஷ்போர்டு பாலிஷ் முன்கண்ணாடியில் எதிரொளித்து ஓட்டுநரின் கண்ணை உறுத்தும். மங்கலான இயல்பு நிறத்தைத் தரும் வகையைத் தேடி வாங்குங்கள். தொடுதிரைக்கு லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் போதும். டயர் டிரஸ்ஸிங்கைப் பக்கச்சுவரில் மட்டும் தடவி, காய்ந்தபின் துடைத்துவிட வேண்டும். சாலையைத் தொடும் பகுதியில் பட்டால் வழுக்கும்.

மாதச் சம்பளத்துக்குத் தினமும் அதிகாலையில் காரைத் துடைக்கும் வழக்கம் நம் குடியிருப்புகளில் பரவலாக உள்ளது. அந்த வேலையைச் செய்பவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஒரு வாளித் தண்ணீரில் பத்துப் பதினைந்து வண்டிகளை முடிக்க வேண்டிய நிலையில் அவர்களிடம் வேறு வழி இல்லை. எங்கள் தெருவில் துடைக்க வரும் அண்ணனிடம், கண்ணாடிகளையும் சக்கரங்களையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பெயிண்டைத் தொட வேண்டாம் என்று சொல்லி, கண்ணாடிக்கென்று இரண்டு துணிகளையும் கொடுத்தேன். சம்பளத்தைக் குறைக்கவில்லை. அவருக்கும் நேரம் மிச்சமாகிறது.

வாங்கிய துணிகள் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது துவைக்கும் முறையைப் பொறுத்தது. பருத்தித் துணிகளோடு சேர்த்து மெஷினில் போட்டால் அவற்றின் பஞ்சு முழுவதும் மைக்ரோஃபைபரில் ஒட்டிக்கொள்ளும். தனியாகவே துவைக்க வேண்டும். துணியை மென்மையாக்கும் கம்ஃபர்ட் வகைத் திரவங்கள் இழைகளின் மேல் படலமாகப் படிந்து, தண்ணீரை உறிஞ்சும் திறனைக் கெடுத்துவிடும். திரவச் சோப்பு, குளிர்ந்த தண்ணீர், நிழலில் உலர்த்தல், பிறகு தூசி படாத மூடியுள்ள டப்பா. பெயிண்டுக்கு, கண்ணாடிக்கு, சக்கரத்துக்கு என்று நிறம் பிரித்து வைத்துக்கொண்டால் வீட்டில் யார் எடுத்தாலும் மாறிப்போகாது. உலர்த்தும் துண்டு தண்ணீரை இழுக்காமல் தள்ளத் தொடங்கும் நாளில் அதைச் சக்கரத்துக்கு இறக்கிவிட்டு, பெயிண்டுக்குப் புதியது வாங்கிவிடுங்கள்.